கூலி வாங்காத வாய்: செனகல் ராப், கிரியோ மரபு, அதிபர் வாத் காலத்து ஊழல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், 12 வருடம் பதவியில் இருந்த ஓர் அதிபரை மக்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்கத் தெருவில் நின்று அந்தக் கோபத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் ராப் பாடகர்கள். இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலே கேள்விகள் வரிசையாக வரும். கிரியோ என்றால் யார், ராப் ஆப்பிரிக்காவில்தான் பிறந்ததா, அதிபர் ஒருவருக்குப் பையில் பணம் கொடுத்தது மரபா லஞ்சமா என்று. அவற்றுக்கெல்லாம் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், செனகல் எங்கே இருக்கிறது? என்ன மொழி பேசுகிறார்கள்?

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடி முனை செனகல் தலைநகரான டக்காரில்தான் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1960-ல் விடுதலை பெற்ற நாடு. ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆனால் சந்தையிலும் பேருந்திலும் வீட்டிலும் ஒலிப்பது பெரும்பாலும் வொலோஃப். செரேர், புலார், மண்டிங்கா, ஜோலா எனப் பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் நாடு. பெரும்பான்மையோர் சூஃபி வழி முஸ்லிம்கள்.

இந்த இருமொழி நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் பேசுவது பிரெஞ்சு, ஜனம் பேசுவது வொலோஃப். ராப் எந்தப் பக்கம் நின்றது என்பதில்தான் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

கிரியோ என்பவர் யார்? நம்மூர்ப் புலவர் மாதிரியா?

பாடுவதும் பரிசு பெறுவதும் இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் கிரியோவின் வேலை அதைவிடப் பெரியது. 'கிரியோ' என்பது பிரெஞ்சு வழியாக உலகுக்குப் போன சொல். வொலோஃப் மக்கள் 'கெவெல்' என்பார்கள், மண்டிங்கா மக்கள் 'ஜெலி' அல்லது 'ஜாலி' என்பார்கள். பிறப்பால் வரும் தொழில் இது. வொலோஃப் சமூகத்தில் 'கேர்' எனப்படும் நிலவுடைமைக் குடியினர் மேலே இருந்தார்கள். கொல்லர், தோல் தொழிலாளர், கெவெல் ஆகியோர் 'ஞேஞோ' என்ற கைவினைக் குடிகள். இந்த இரண்டு தரப்புக்கும் இடையே கல்யாண உறவு கிடையாது. இன்றும் பல வீடுகளில் அந்தச் சுவர் இடியவில்லை.

கிரியோவின் தலையில் இருந்தது ஓர் ஆவணக் காப்பகம். எழுத்தில் பதியாத வம்சாவளி, யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் போரில் யார் நின்றார், யார் ஓடினார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாறு நமக்கு வந்து சேர்ந்திருப்பதே கிரியோக்களின் வாய்வழியாகத்தான். அந்த அரசனின் கிரியோ பல்லா ஃபசேக்கே பெயரும் கதையோடு சேர்ந்தே வாழ்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பேச்சு முறை. வொலோஃப் மரபில் உயர்குடிக்காரர் சத்தமாகப் பேசக்கூடாது. மெதுவாக, தணிந்த குரலில், சொல்லைத் தேடுவது போலத் தயங்கிப் பேசுவதே கௌரவம். அந்த அடக்கத்துக்கு 'கெர்ஸா' என்று பெயர். கூட்டத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் கிரியோவின் காதில் சொல்வார். கிரியோ அதை எடுத்து உரத்த குரலில், வேகமாக, அழகுபடுத்தி ஊருக்குச் சொல்வார். ஆக, கௌரவமானவருக்கு மௌனம், கிரியோவுக்குக் குரல். அந்தக் குரலுக்குக் கூலி உண்டு. குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் நடக்கும் பெயர்சூட்டு விழாவில் இன்றும் பார்க்கலாம். கிரியோ பெண்மணி எழுந்து அந்தக் குடும்பத்தின் முன்னோர் பெயர்களை அடுக்க ஆரம்பிப்பார். கேட்பவர் உருகிப்போய்க் கைப்பையைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். நோட்டு வர வர, முன்னோர் வரிசையும் நீளும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரியோ அரசனைக் கண்டிக்கலாம், கேலி செய்யலாம். மற்றவன் சொன்னால் தலை போகும் வார்த்தையை அவர் சொல்லலாம். புகழவும் உரிமை, இகழவும் உரிமை. ஆனால் அரசன் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடும் வாய், இகழும் உரிமையை எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கும்? செனகல் ராப்பின் அடியில் ஓடும் கேள்வி இதுதான்.

கிரியோக்கள் இறந்தால் மண்ணில் புதைக்க மாட்டார்கள் என்பது உண்மையா?

செரேர், வொலோஃப் பகுதிகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. கிரியோவை மண்ணில் புதைத்தால் மழை பொய்க்கும், நிலம் விளையாது என்று நம்பினார்கள். அதனால் பெரிய பாபாப் மரத்தின் பொந்துக்குள் உடலை வைத்தார்கள். நமக்கு 'பொந்தன்புளி' என்ற பெயரில் தெரிந்த அதே மரம்தான். உள்ளே ஓர் அறை அளவுக்குக் குடைவு இருக்கும். விடுதலைக்குப் பிறகு 1960-களில் அரசு இந்த வழக்கத்தை நிறுத்தியது. டக்காருக்குத் தெற்கே பாந்தியா வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு பாபாபின் பொந்துக்குள் இன்றும் மண்டையோடுகளைப் பார்க்கலாம். சுற்றுலா வண்டிகள் அங்கே நின்று போகின்றன.

வாழும்போது ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்த பிறகு ஊர் மண் அவருக்கு இல்லை. மரபைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மைதான்.

சரி, ராப் ஆப்பிரிக்காவில்தான் பிறந்ததா?

ஹிப் ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். செனகல் இளைஞர்களுக்கும் அது பிராங்க்ஸில் இருந்துதான், கேசட்டிலும் வீடியோவிலும் வந்து சேர்ந்தது.

இருந்தாலும் டக்காரில் கேட்டால், "நாங்கள் அனுப்பியது எங்களிடமே திரும்பி வந்தது" என்ற கருத்து பலரிடம் உண்டு. டாரா ஜே என்ற டக்கார் ராப் குழு 2003-ல் வெளியிட்ட தொகுப்புக்கு 'பூமராங்' என்று பெயர் வைத்ததே அதனால்தான். அடிமைக் கப்பலில் போன தாளம் அமெரிக்கா சுற்றி வீடு வந்தது என்பது அவர்கள் வாதம். இதை நிரூபிக்கப்பட்ட வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. கிரியோவில் இருந்து ராப்புக்கு நேர்க்கோடு போடுவதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் உறவு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

வொலோஃபில் 'தஸ்ஸூ' என்று ஒன்று உண்டு. சபார் முரசு ஒலிக்க, பெண்கள் வட்டமாக நின்று, ஒருத்தி நடுவில் வந்து தாளத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காகச் சொல்லை எறிவாள். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, வெறும் பேச்சு என்றும் சொல்ல முடியாது. குத்தல், கேலி, புகழ் எல்லாம் அதில் உண்டு. கூட்டம் பதில் குரல் கொடுக்கும். அப்புறம் மல்யுத்தக்காரர்களின் 'பாக்கு'. 'லாம்ப்' எனப்படும் மல்யுத்தம் செனகலில் பெரும் பித்து. மல்லன் களத்தில் இறங்கும் முன் முரசுக்கு ஆடிக்கொண்டே தன் வெற்றிகளை வரிசையாகச் சொல்லி, எதிராளியை மட்டம் தட்டுவான். ராப் பாடகன் மேடையில் ஏறித் தன் பெருமையை அடிக்கும்போது டக்கார்ப் பாட்டிக்கு அது வெளிநாட்டுச் சரக்காகத் தெரியாது. விதை வெளியில் இருந்து வந்தது, மண் ஏற்கெனவே உழுது கிடந்தது என்பேன்.

செனகலில் ராப் எப்போது வேர் பிடித்தது?

1988-ல் இருந்து பார்க்க வேண்டும். அந்த வருடம் பிப்ரவரித் தேர்தலில் மோசடி என்று டக்காரில் கலவரம் வெடித்தது. பள்ளி, கல்லூரி ஆண்டே ரத்தானது. வீட்டில் சும்மா உட்கார்ந்த ஒரு தலைமுறை உருவானது. 1990 வாக்கில் அதே இளைஞர்கள் 'செட் செட்டால்' என்று தெருத் தெருவாக இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள், சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள்.

இந்தச் சூழலில் 1989-ல் திதியே அவாதி, டக் ஈ டீ என்ற இரண்டு ராப் பாடகர்கள் சேர்ந்து பாசிட்டிவ் பிளாக் சோல் குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு முன் இருவரும் எதிரெதிர் அணி. டக்காரில் பிறந்து பிரான்ஸில் புகழ்பெற்ற ராப் பாடகர் எம்சி சோலார் 1992-ல் அவர்களைக் கேட்டுவிட்டுப் பிரான்ஸுக்கு அழைத்தார். 1994-ல் வந்த அவர்கள் கேசட்டின் பெயர் 'பூல் ஃபாலே'. 'கண்டுகொள்ளாதே, உன் வழியில் போ' என்று பொருள். அந்தப் பெயரே ஒரு தலைமுறையின் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

1990-களின் கடைசியில் ரப்பாடியோ போன்ற குழுக்கள் கரடுமுரடான வொலோஃபில் மட்டும் பாடத் தொடங்கியபோது ராப் நடுத்தர வர்க்க வீடுகளை விட்டு புறநகர்ச் சந்துகளுக்கு இறங்கியது.

வாத் யார்? மக்கள் ஏன் அவர் மேல் கோபப்பட்டார்கள்?

அப்துலாய் வாத் நீண்டகால எதிர்க்கட்சித் தலைவர், வழக்கறிஞர். அவருடைய முழக்கம் 'சோப்பி', அதாவது மாற்றம். 40 வருடம் ஆண்ட சோஷலிஸ்ட் கட்சியை 2000 மார்ச் 19-ல் தோற்கடித்து அவர் அதிபரானபோது இளைஞர்கள் தெருவில் ஆடினார்கள். அந்த வெற்றியிலும் ராப் பாடகர்களுக்குப் பங்கு உண்டு. தாங்கள் ஏற்றி வைத்தவரே இப்படி ஆனாரே என்பதுதான் பின்னால் வந்த கோபத்தின் சூடு.

கோபத்துக்குக் காரணங்கள் பல. டக்காரின் மமெல் குன்றில் 49 மீட்டர் உயர வெண்கலச் சிலை ஒன்றை எழுப்பினார். பெயர் ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சின்னம், கட்டியது வட கொரிய நிறுவனம். செலவை ஈடுகட்ட அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் விடுதலைப் பொன்விழாவை ஒட்டித் திறந்தார்கள். சிலைக்கான யோசனை தன்னுடையது, எனவே வருமானத்தில் 35 சதவீதம் தனக்கு என்றார் வாத். குன்றின் கீழே உள்ள பேட்டைகளில் அப்போது மின்சாரம் நாள் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அரைகுறை உடையில் பெண் உருவம் இருப்பதை இமாம்களும் கண்டித்தார்கள்.

அடுத்து, மகன் கரீம். 2009-ல் டக்கார் உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர் அவர். தோற்ற கையோடு தந்தை அவரை அமைச்சராக்கினார். சர்வதேச ஒத்துழைப்பு, விமானப் போக்குவரத்து, உள்கட்டமைப்பு என்று துறைகள் சேர்ந்தன; 2010-ல் மின்சாரமும் சேர்ந்தது. ஜனங்கள் வைத்த பெயர் 'வானத்துக்கும் பூமிக்கும் அமைச்சர்'. ஆட்சி மாறிய பிறகு சட்டவிரோதமாகச் சொத்துச் சேர்த்ததாக 2015 மார்ச்சில் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2016 ஜூனில் மன்னிப்புக் கிடைத்து கத்தாருக்குப் போய்விட்டார்.

பணப்பை விவகாரம் என்கிறார்களே, அது என்ன? விருந்தாளிக்குப் பரிசு கொடுப்பது ஆப்பிரிக்க மரபுதானே?

2009 செப்டம்பரில் நடந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் செனகல் பிரதிநிதி அலெக்ஸ் செகுரா பதவிக்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும் நாள் இரவு அதிபரோடு விருந்து. விடைபெறும்போது ஒரு பை கையில் கொடுக்கப்பட்டது. பிறகு திறந்து பார்த்தால் உள்ளே யூரோவும் டாலருமாகக் கட்டுக்கட்டாகப் பணம். 1 லட்சம் யூரோவும், அதற்கு மேல் 50 ஆயிரம் டாலரும் என்று செய்தி வந்தது. நாட்டின் கணக்கு வழக்கைப் பார்க்க வந்தவருக்கு நாட்டின் அதிபர் மாளிகையில் இருந்து ரொக்கம்! பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அரசு முதலில் மறுத்தது. பிறகு பிரதமர், பிரிந்து போகிறவருக்குப் பரிசு கொடுப்பது நம் வழக்கம் என்று விளக்கம் சொன்னார்.

இந்த விளக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செனகலில் 'தெராங்கா' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. விருந்தோம்பல், மரியாதை, மரியாதையாகக் கொடுக்கும் பொருள் என எல்லாம் அதில் அடக்கம். கால்பந்து அணிக்கே 'தெராங்கா சிங்கங்கள்' என்றுதான் பெயர். ஒரே தட்டில் மீன்சோறு வைத்து, வந்தவருக்கு நல்ல மீன்துண்டை அவர் பக்கம் தள்ளி வைப்பது தெராங்கா. அது நாலு பேர் முன்னால், தன் வீட்டுச் சோற்றில் நடப்பது. இருட்டில், ஊர்ப் பணத்தைப் பையில் போட்டு, தன் கணக்கைத் தணிக்கை செய்பவர் கையில் கொடுப்பதற்கு அந்தச் சொல்லைப் போர்த்தினால், கெடுவது அந்தச் சொல்தான். எளிய மனிதர்களின் நல்ல பழக்கத்தைத் திருடித் தன் தவறுக்குப் போர்வையாக்கியதை நான் பணத்தைவிடப் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

'யானமார்' இயக்கம் எப்படித் தொடங்கியது?

வாத்தை எதிர்த்து ராப் பாடகர்கள் முன்னின்று நடத்திய இயக்கம் இது. பெயர் பிரெஞ்சுப் பேச்சுவழக்கு. 'போதும்பா, வெறுத்துப்போச்சு' என்று நாம் சொல்வதுதான்.

2011 ஜனவரி. டக்காரின் பார்செல் அசெனி பகுதியில் பத்திரிகையாளர் ஃபதெல் பாரோவின் வீடு. கெர் கீ ராப் குழுவின் தியாட், கிலிஃபே இருவரும் அங்கே வந்திருந்தார்கள். மூவருமே காவ்லாக் ஊர்க்காரர்கள். மின்சாரம் போய்விட்டது, போனது வரவே இல்லை. இருட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் தங்கள் புலம்பலே சலித்துவிட்டது. இப்படி உட்கார்ந்து பேசி என்ன பயன், ஏதாவது செய்யலாம் என்று அந்த இரவு முடிவெடுத்தார்கள்.

பெயர்களைப் பாருங்கள். கெர் கீ என்றால் 'வீடு'. தியாட் என்றால் கடைக்குட்டி. கிலிஃபே என்றால் பெரியவர், பொறுப்பானவர். ஒரு குடும்பத்தையே மேடையில் நிறுத்தியது போல. பள்ளி நாட்களிலேயே ஊர் அதிகாரத்தை எதிர்த்துப் பாடி அடியும் சிறையும் பார்த்தவர்கள் அவர்கள்.

இயக்கத்தின் கிளைகளுக்கு 'கிளை' என்று பெயர் வைக்கவில்லை, 'எஸ்பிரி' என்றார்கள், அதாவது ஆவி அல்லது மனப்பான்மை. கறுப்புச் சட்டை சீருடை ஆனது. 'புது வகைச் செனகல்காரர்' என்று ஒரு கொள்கை வைத்தார்கள். அரசாங்கத்தைத் திட்டுவதோடு நிற்காமல் தானும் தெருவில் குப்பை போடாத, பேருந்தில் டிக்கெட் எடுக்கிற, லஞ்சம் கொடுக்காத ஆள். 2011 மார்ச் 19 அன்று, வாத் ஜெயித்த அதே நாளில், டக்காரின் ஒபெலிஸ்க் திடலில் முதல் பெருங்கூட்டம்.

ஜூன் 23 ஏன் அவ்வளவு முக்கியம்?

வாத் ஓர் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அதிபரோடு துணை அதிபரும் ஒரே சீட்டில் நிற்கலாம். முதல் சுற்றில் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டியதில்லை, 25 சதவீதம் வாங்கினாலே ஜெயித்ததாக அர்த்தம். துணை அதிபர் இடம் யாருக்கு என்று யாரும் சொல்லாமலே ஜனத்துக்குப் புரிந்தது. 2011 ஜூன் 23 காலையில் நாடாளுமன்றத்தைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். 'என் அரசியல் சட்டத்தைத் தொடாதே' என்பது கோஷம். கண்ணீர்ப்புகை, கல்வீச்சு, டயர் எரிப்பு. அன்று மாலைக்குள் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. எதிர்க்கட்சிகளும் அமைப்புகளும் சேர்ந்த கூட்டணி அந்தத் தேதியையே பெயராக வைத்துக்கொண்டது: எம்23.

ஒரு மாதம் கழித்து, பொய் சொல்லும் முதியவரைப் பற்றி மேடையில் பேசிய குற்றத்துக்காகத் தியாட்டைப் போலீஸ் பிடித்தது. வாசலில் கூட்டம் கூடியது, வெளியே விட்டார்கள்.

'மா வகோன் வகேத்' என்பதன் பொருள் என்ன?

வொலோஃபில் 'சொன்னேன், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று பொருள். 2001 அரசியல் சட்டப்படி அதிபருக்கு இரண்டு தவணைதான். 2007-ல் கேட்டபோது, மூன்றாவது முறை நிற்க முடியாதபடி தானே சட்டத்தைப் பூட்டிவிட்டதாக வாத் சொன்னார். 2011 ஜூலையில், நிற்கத்தான் போகிறேன் என்ற நிலைக்கு வந்தபோது அவர் வாயில் வந்த சொற்கள் இவை.

பணத்தையும் சிலையையும்கூடப் பொறுத்துக்கொண்ட பெரியவர்கள் இதைப் பொறுக்கவில்லை. வாக்கு என்பது எழுத்தில் இல்லாத காலத்திலேயே நின்ற சமூகம் அது. ஒரு தாத்தா, அதுவும் நாட்டின் தலைவர், பேசியதைத் துப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் பேரன் என்ன கற்றுக்கொள்வான்? அந்த மூன்று சொற்களும் சந்தைக் கேலியாக, சுவரெழுத்தாக, பாட்டாக நாடெங்கும் சுற்றின.

தேர்தலில் ராப் பாடகர்கள் என்ன செய்தார்கள்? யாருக்காவது ஓட்டுக் கேட்டார்களா?

ஓட்டுரிமையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். 'தாஸ் ஃபனானல்' என்பது பிரசாரத்தின் பெயர். நாளைய சண்டைக்கு இன்றிரவே ஆயுதத்தைத் தீட்டி வைத்துக்கொண்டு படு என்ற பழமொழி வழக்கில் இருந்து எடுத்தது. ஆயுதம் என்றது வாக்காளர் அட்டையை. மினி பஸ்களிலும் பேட்டை மூலைகளிலும் ராப் பாடி இளைஞர்களைப் பதிவு மையத்துக்கு இழுத்துப் போனார்கள்.

2012 ஜனவரி 27 அன்று அரசியல் சட்ட மன்றம் வாத் மூன்றாம் முறை நிற்கலாம் என்றது. அதே நாளில் பாடகர் யூசு என்டூரின் வேட்புமனுவை, கையெழுத்துகள் போதவில்லை என்று தள்ளியது. பிறகு வந்த நாட்கள் ரத்தம் தோய்ந்தவை. ஜனவரி 31 அன்று ஒபெலிஸ்க் திடலில் போலீஸ் வண்டி மோதி ஒரு மாணவர் இறந்தார். வேறு ஊர்களிலும் உயிர்கள் போயின.

பிப்ரவரி 26 முதல் சுற்றில் வாத் 34.8 சதவீதம், அவரை எதிர்த்து நின்ற மாக்கி சால் 26.6 சதவீதம். வாத் தன் வாக்குச்சாவடிக்கு வந்தபோது கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டு விரட்டினார்கள். மார்ச் 25 இரண்டாம் சுற்றில் சால் 65.8 சதவீதம் வாங்கினார். அன்றிரவே வாத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அதை அவர் கணக்கில் நல்லதாக எழுதத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ராப் பாடகர்களை 'நவீன கிரியோ' என்று சொல்லலாமா?

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைத்தான் எழுதும். அழகான சொற்றொடர், செனகல் ராப் பாடகர்களில் சிலர் ஏற்பார்கள், பலர் முகம் சுளிப்பார்கள். காரணம் அந்த நோட்டுகள். அரசியல்வாதி மேடைக்கு வந்தால் கிரியோ எழுந்து அவர் பாட்டன் பெருமையைப் பாடுவதும், அவர் பணம் கொடுப்பதும் நவீன செனகலில் அன்றாடக் காட்சி. "எங்களை அதோடு சேர்க்காதே" என்பது அவர்கள் நிலை.

நான் இப்படிப் பார்க்கிறேன். கிரியோவின் இகழும் உரிமையை ராப் பாடகன் எடுத்துக்கொண்டான், கூலியை வேண்டாம் என்றான். பிறப்பால் வந்த தகுதியையும் வேண்டாம் என்றான். எந்தக் குடியில் பிறந்தவனும் மைக்கைப் பிடிக்கலாம். பழைய முறைப்படி கௌரவமானவன் கிசுகிசுக்க வேண்டும், இன்னொருவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். இங்கே பேட்டைப் பையன் இடையில் ஆளே வைக்காமல், 85 வயது அதிபரின் முகத்துக்கு நேராக, தன் குரலிலேயே கத்தினான். அங்கே பெரியவரிடம் அப்படிப் பேசுவது எத்தனை பெரிய மீறல் என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். யானமார் இயக்கத்தார் தேர்தலுக்குப் பிறகு பதவி எதுவும் வாங்காமல் ஒதுங்கி நின்றதும் இந்தக் கணக்கில்தான்.

பெண்கள் எங்கே? எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே?

நியாயமான கேள்வி. தஸ்ஸூ பெண்களின் கலை; அதைத் தன் பாட்டன் சொத்து என்று சொல்லும் ராப் மேடையில் பெண்ணுக்கு இடம் குறைவாகவே கிடைத்தது. அலிஃப் என்ற பெண்கள் குழு 1990-களின் கடைசியிலேயே வந்தது. சிஸ்டர் ஃபா பெண்ணுறுப்புச் சிதைப்பை எதிர்த்து, தானே அந்தக் கொடுமையை அனுபவித்தவர் என்பதை மறைக்காமல், ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அதிபரை எதிர்ப்பதைவிடத் தன் வீட்டுப் பாட்டியை எதிர்த்துப் பேசக் கூடுதல் துணிவு வேண்டும்.

வாத் போனபின் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. கெர் கீ 2014-ல் வெளியிட்ட பாட்டின் பெயர் 'ஜோகுஃபி', அதாவது 'ஒன்றும் நகரவில்லை'. குறி இந்த முறை மாக்கி சால். 2019 ஜூனில் எண்ணெய், எரிவாயு ஒப்பந்தங்களில் அதிபரின் தம்பி பெயர் அடிபட்டது. அவர் மறுத்தார், ஆனால் அரசுப் பதவி ஒன்றை விட்டு விலக வேண்டி வந்தது. யானமார் மேலும் கறை படிந்தது: 2021-ல் அதன் நிறுவனர்களில் ஒருவரே கடவுச்சீட்டு மோசடிப் புகாரில் கைதானார். இதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்ந்தால் நானும் கூலிக்குப் பாடியவன் ஆவேன்.

2024 பிப்ரவரி 3 அன்று, தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சால் அதைத் தள்ளிவைத்தார். அரசியல் சட்ட மன்றம் இந்த முறை அதிபர் பக்கம் நிற்கவில்லை, ஒத்திவைப்பு செல்லாது என்றது. மார்ச் 24-ல் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு சிறையில் இருந்து வெளியே வந்த எதிர்க்கட்சி வேட்பாளர் பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே 54 சதவீதம் வாங்கி அதிபரானார்.

மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் இப்படி நடந்ததா?

புர்கினா ஃபாசோவில் ராப் பாடகர் ஸ்மோக்கியும் ரெகே பாடகர் சாம்ஸ்கே லெ ஜாவும் 2013-ல் 'குடிமக்கள் துடைப்பம்' என்ற இயக்கம் கண்டார்கள். கையில் நிஜத் துடைப்பத்தோடு மக்கள் இறங்கினார்கள். 27 வருடம் ஆண்ட பிளேஸ் கொம்பாவோரே 2014 அக்டோபர் கடைசியில் நாட்டை விட்டு ஓடினார். 2015 மார்ச்சில் துடைப்ப இயக்கத்தாரும் யானமார் இயக்கத்தாரும் காங்கோவின் கின்ஷாசாவுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களோடு பேசியபோது கைது செய்யப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

தமிழர்களுக்கும் செனகலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ராப் வழியில் இல்லை, ஆய்வு வழியில் உண்டு. முதல் அதிபர் லியோபோல்ட் செங்கோர் கவிஞர். கறுப்பினப் பண்பாட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் உறவு உண்டு என்று நம்பியவர். 1974-ல் சென்னை வந்து இதைப் பற்றி உரையாற்றினார். அவர் காட்டிய ஆர்வத்தால் டக்காரில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வு தொடங்கியது. தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே சில ஆண்டுகள் பணியாற்றினார். மொழியுறவு பற்றிய அந்தக் கருதுகோளை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

வொலோஃப் தெரியாதவர் எங்கே கேட்கத் தொடங்கலாம்?

'ழூர்னால் ரப்பே' நல்ல வாசல். 2013-ல் சூமான், கேய்ட்டி என்ற இரண்டு மூத்த ராப் பாடகர்கள் தொடங்கிய செய்தியறிக்கை. செய்தி வாசிப்பாளர் மாதிரி கோட்டும் டையும் போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த வாரச் செய்தி முழுவதையும் எதுகையோடு ராப்பாகவே சொல்வார்கள். சூமான் பிரெஞ்சில் வாசிப்பார், பிறகு கேய்ட்டி வொலோஃபில். பிரெஞ்சுப் பகுதியில் செய்தி என்ன என்று தெரிந்துகொண்டு, வொலோஃப் பகுதியைப் பொருளுக்காகக் கேட்காமல் தாளத்துக்காக மட்டும் கேளுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு தஸ்ஸூ பதிவைத் தேடிப் போட்டு, சபார் முரசு எங்கே நிற்கிறது, அந்தப் பெண் எங்கே மூச்சை இழுக்கிறாள் என்று கவனித்துவிட்டு மறுபடி கேய்ட்டிக்கு வாருங்கள். மூச்சு விழும் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.